ரெட் ராக்ஸ்: பாறை கொடுத்ததும் கொடுக்காததும்

திறந்தவெளி அரங்கு அமைக்க நினைக்கிறவர்கள் முதலில் தேடுவது ஒரு சரிவை. சரிவு கிடைத்து, அதன் இரண்டு பக்கமும் மேடோ பாறையோ இருந்துவிட்டால், பாதி வேலை முடிந்துவிட்டது என்ற நம்பிக்கை வந்துவிடும். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்று சோதித்துப் பார்க்க ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் ரெட் ராக்ஸ் அரங்கத்தைத்தான் நான் எடுப்பேன். நிலம் தானாகவே அரங்கின் வடிவில் அமைந்த இடங்களில் இதைவிடப் பேர் பெற்றது வேறு இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இசை நடக்கிறது. நன்றாக நடந்த இரவுகளைப் போலவே மோசமாகப் போன இரவுகளும் பதிவாகியிருக்கின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாறை அந்த இடத்துக்கு வடிவத்தைக் கொடுத்தது. ஓரளவுக்கு நல்ல ஒலியையும் கொடுத்தது. மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, ஒன்பதாயிரம் பேர் அவசரத்தில் வெளியேற வழி, பக்கத்து ஊருக்கு இரவுத் தூக்கம் ஆகியவற்றை அது கொடுக்கவில்லை. ரெட் ராக்ஸில் வந்த சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் வந்திருக்கின்றன.

இடம்

டென்வர் நகரத்திலிருந்து மேற்கே சுமார் 24 கிலோமீட்டர் போனால் மாரிசன் என்ற சின்ன ஊர் வரும். சமவெளி முடிந்து ராக்கி மலைகள் எழும்பத் தொடங்கும் இடம் அது. ஊருக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,960 மீட்டர் உயரத்தில் அரங்கம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஊர்களில் சொன்னால், குன்னூரைவிடக் கொஞ்சம் மேலே, கொடைக்கானலைவிடக் கொஞ்சம் கீழே. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியிலிருந்து வந்து மேடையில் ஓடியாடிப் பாடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கும்.

மேடையைப் பார்த்து உட்கார்ந்தால் இடது கைப் பக்கம் கிரியேஷன் ராக், வலது கைப் பக்கம் ஷிப் ராக். இரண்டும் ஏறக்குறைய 90 மீட்டர் உயரப் பாறைகள். மேடைக்குப் பின்னால் இவற்றைவிடச் சிறிய ஸ்டேஜ் ராக். அதற்கும் அப்பால் கிழக்கே சமவெளியும், இரவானால் டென்வரின் விளக்குகளும் தெரியும். இருக்கை வரிசைகள் 70. முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் உயர வித்தியாசம் சுமார் 30 மீட்டர். மொத்தம் 9,500 பேருக்குச் சற்று மேல் உட்காரலாம்.

பார்வையாளர்கள் கிழக்கு நோக்கி உட்காருகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாலை நிகழ்ச்சிக்கு இது பெரிய வசதி, சூரியன் முதுகுப் பக்கம் இறங்கும், யாருக்கும் கண் கூசாது. 1947 முதல் அங்கே நடந்துவரும் ஈஸ்டர் விடியற்காலை வழிபாட்டுக்கும் இந்தத் திசைதான் காரணம். மேடைக்கு நேர் பின்னால் சூரியன் எழும். இதே திசை பின்னால் ஒரு கெடுதலுக்கும் துணைபோனது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முப்பது கோடி ஆண்டுக் கதை

நிலம் அரங்கின் வடிவை அடைவதற்குப் பல வழிகள் உண்டு. பனியாறு மலையின் மடியைக் குடைந்து அரைவட்டக் கிண்ணமாக்கிவிட்டுப் போகும். பிரான்ஸ் பக்கத்துப் பைரனீஸ் மலையில் இருக்கும் கவார்னி அப்படி வந்தது. ரெட் ராக்ஸ் வந்த வழி வேறு.

இன்றைய ராக்கி மலைகளுக்கு முன்பு அதே பகுதியில் வேறொரு மலைத்தொடர் இருந்தது. புவியியலாளர்கள் அதை மூதாதை ராக்கீஸ் என்கிறார்கள். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த மலைகள் எழும்பின. எழும்பிய வேகத்திலேயே அரிக்கப்படவும் தொடங்கின. அங்கிருந்து இறங்கிய ஆறுகள் மணலையும் கூழாங்கற்களையும் அடிவாரத்தில் விசிறி விசிறியாகக் கொட்டின. அந்தக் குவியல்கள் இறுகிப் பாறையானதற்கு ஃபவுண்டன் படிவம் என்று பெயர். ரெட் ராக்ஸின் சிவப்புப் பாறைகள் இந்தப் படிவத்தைச் சேர்ந்தவை. கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள 'கார்டன் ஆஃப் தி காட்ஸ்', போல்டர் நகரத்துக்கு மேலே சாய்ந்து நிற்கும் ஃபிளாட்அயர்ன்ஸ் ஆகியவையும் இதே படிவம்தான்.

கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இந்தப் பாறை கடற்கரை மணலைப் போல் நைஸாக இருக்காது. சொரசொரப்பாக இருக்கும். கூழாங்கற்கள் பொதிந்திருக்கும், இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார் துணுக்குகள் நிறைய இருக்கும். ஃபெல்ட்ஸ்பார் சீக்கிரம் சிதைந்து களிமண்ணாகிவிடும் கனிமம். சிதையாமல் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றால், மலையிலிருந்து புறப்பட்ட துணுக்குகள் நெடுந்தூரம் போகாமல், பக்கத்திலேயே வேகமாகக் கொட்டப்பட்டுப் புதைந்தன என்று பொருள். சிவப்பு நிறத்துக்குக் காரணம் துணுக்குகளுக்கு மேல் படிந்த இரும்பு ஆக்சைடு.

பிறகு பழைய மலைகள் தேய்ந்து மறைந்தன. கடல் வந்தது, போனது. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி இன்றைய ராக்கி மலைகள் எழும்பியபோது, படுத்திருந்த படிவங்கள் ஓரத்தில் தூக்கப்பட்டுக் கிழக்குப் பக்கம் சாய்ந்தன. அந்தச் சாய்வில் மென்மையான பகுதிகளை மழையும் ஓடையும் உறைபனியும் அரித்துக்கொண்டு போக, கெட்டியான பகுதிகள் தகடு தகடாக நின்றுவிட்டன. இரண்டு தகடுகளுக்கு நடுவே அரிக்கப்பட்ட பள்ளம்தான் இன்றைக்கு இருக்கைகள் இருக்கும் இடம்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் அரங்கத்தைச் சுற்றியுள்ள பூங்காவின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே சிவப்புப் பாறைக்கு அடியில் நேரடியாகச் சுமார் 170 கோடி ஆண்டுப் பழைய நைஸ் (gneiss) என்ற, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை வருகிறது. நடுவில் இருந்திருக்க வேண்டிய 140 கோடி ஆண்டுகளின் பதிவு இல்லை, முழுவதும் அரிக்கப்பட்டுப் போய்விட்டது. அந்த எல்லைக்கோட்டில் கையை வைத்தால் இரண்டு பாறைக்கும் நடுவே இருக்கும் கால இடைவெளி பூமியின் வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

அரிப்பு நின்றுவிடவில்லை என்பதும் முக்கியம். இந்தக் கிண்ணத்தைக் குடைந்த அதே உறைபனியும் உருகலும் இன்றும் பாறையின் பிளவுகளுக்குள் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே பாறைகளைக் காலமுறையில் ஆய்ந்து, தளர்ந்த துண்டுகளைப் பெயர்த்தெடுப்பது அரங்கத்தின் பராமரிப்புச் செலவில் ஒரு நிரந்தரப் பகுதி. பாறையில் ஏறுவதற்குத் தடை உண்டு. மீறினால் 999 டாலர் வரை அபராதமோ 180 நாள் வரை சிறையோ கிடைக்கும் என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.

தனியார் கனவும் பொதுச் சொத்தும்

யூட் பழங்குடியினருக்கு இந்த இடம் பழக்கமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஜான் பிரிஸ்பன் வாக்கர் என்ற பத்திரிகை முதலாளியின் கையில் இருந்தது. காஸ்மோபாலிட்டன் இதழை நடத்தி விற்றவர் அவர். இரண்டு பாறைகளுக்கு நடுவே தற்காலிக மேடை போட்டு 1906 முதல் 1910 வரை கச்சேரிகள் நடத்தினார். 1911இல் புகழ்பெற்ற ஆப்பரா பாடகி மேரி கார்டன் அங்கே பாடி, ஒலியைப் பாராட்டிவிட்டுப் போனார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. அவர் பாராட்டியது பாறையின் தகுதியை மட்டும்தான்.

1920களின் பிற்பகுதியில் டென்வர் மாநகரம் 54,133 டாலர் கொடுத்து இந்த நிலத்தை வாங்கியது. ரெட் ராக்ஸின் வரலாற்றில் மிகப் பெரிய முடிவு இதுதான் என்பேன். பகலில் நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் உள்ளே போகலாம். விடியற்காலையில் படிகளில் ஏறி இறங்கி உடற்பயிற்சி செய்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் வருவார்கள். ஒரு தனியார் கம்பெனியின் கையில் இருந்திருந்தால் இந்தப் பழக்கம் இவ்வளவு காலம் நீடித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே முடிவில் ஒரு முடிச்சும் இருக்கிறது. நிலம் டென்வருடையது, ஆனால் அது இருப்பது டென்வருக்கு வெளியே, ஜெஃபர்சன் கவுண்டி என்ற பக்கத்து மாவட்டத்தில். வருமானம் ஒரு நகரத்துக்கு, சத்தம் இன்னொரு ஊருக்கு.

ஹாய்ட் செய்யாமல் விட்டவை

1930களின் நடுவில் டென்வரின் பூங்கா நிர்வாகியாக ஜார்ஜ் கிரான்மர் வந்தார். சிசிலியின் தவோர்மினாவில், எட்னா எரிமலையும் கடலும் பின்னணியாகத் தெரியும் பழைய கிரேக்க அரங்கத்தை அவர் பார்த்திருந்தார். அப்படி ஒன்றை இங்கே கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. வடிவமைக்க டென்வர் கட்டடக் கலைஞர் பர்னம் ஹாய்ட் அமர்த்தப்பட்டார்.

வேலை 1936இல் தொடங்கியது. பெருமந்தக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்காக அமெரிக்க அரசு நடத்திய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற திட்டத்தின் பையன்கள்தான் உடல் உழைப்பைக் கொடுத்தவர்கள். மாதம் 30 டாலர் சம்பளம், அதில் பெரும்பகுதி நேராக வீட்டுக்குப் போய்விடும். நடுப் பள்ளத்தில் கிடந்த பெரும் பாறைகளை டைனமைட் வைத்து உடைத்தார்கள், மண்ணை வாரிச் சரிவைச் சீராக்கினார்கள், கல் அடுக்கினார்கள். மாரிசனில் அவர்கள் தங்கியிருந்த முகாம் இன்றும் நல்ல நிலையில் இருக்கிறது. 2015இல் ரெட் ராக்ஸ் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது அந்த முகாமையும் சேர்த்தே அறிவித்தார்கள். அது சரியான முடிவு. "இயற்கை அரங்கு" என்று சொல்லும்போது ஐந்து ஆண்டு கல் உடைத்தவர்கள் கணக்கில் வராமல் போய்விடுகிறார்கள்.

ஹாய்டின் திறமையைப் புரிந்துகொள்ள அவர் கட்டியதைவிடக் கட்டாமல் விட்டதைப் பார்க்க வேண்டும். மேடைக்கு அலங்கார வளைவோ, தூண்களோ, நுழைவாயில் மண்டபமோ கிடையாது. இருக்கைகள் சரிவின் குறுக்கே நீண்ட, மெல்லிய வளைவுகளாகப் போகின்றன, பாறைகளை முட்டுவதில்லை. இரண்டு ஓரங்களிலும் படிக்கட்டுகளும் ஜூனிப்பர் செடி வைத்த தொட்டிகளும் வந்து, கட்டுமானத்துக்கும் பாறைக்கும் நடுவே ஓர் இடைவெளி விடுகின்றன. கல்வேலையில் பாறையின் நிறத்தோடு சேரும் சிவப்பு மணற்கல். ஒப்பனை அறைகள் கண்ணில் படாத இடத்தில். தூரத்திலிருந்து பார்த்தால் எது பாறை, எது கட்டியது என்று பிரிக்க ஒரு நிமிடம் ஆகும்.

1941 ஜூன் 15 அன்று அரங்கம் திறக்கப்பட்டது. 2003இல் பார்வையாளர் மையம் ஒன்று தேவைப்பட்டபோதும் இதே அடக்கத்தைக் கடைப்பிடித்தார்கள். உச்சி வரிசைக்கு மேலே உள்ள சதுக்கத்துக்கு அடியில், தரைக்குள் அதை வைத்தார்கள். மேடைக்கு மேல் பின்னாளில் வந்த கூரை மட்டும் ஹாய்டின் வடிவத்தில் இல்லாதது. விளக்குகளையும் ஸ்பீக்கர்களையும் தொங்கவிட இன்றைய நிகழ்ச்சிகளுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனாலும் பழைய படங்களில் மேடைக்குப் பின்னால் திறந்து கிடக்கும் வானத்தைப் பார்த்தால் எனக்கு மனம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

ஒலி: எது பாறையால், எது கருவியால்

இயற்கை அரங்குகளின் ஒலியைப் பற்றி நிறைய மிகைப்பேச்சு உண்டு. கிரேக்கத்தின் எபிடாரஸ் அரங்கில் நடுவில் காசு விழுந்தால் கடைசி வரிசையில் கேட்கும் என்று சுற்றுலா வழிகாட்டிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 2007இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் அங்கே ஒரு காரணத்தைக் கண்டார்கள். படிப்படியான சுண்ணாம்புக்கல் இருக்கைகள் தாழ்ந்த அதிர்வெண் இரைச்சலை மட்டுப்படுத்தி, குரலின் மேல் அதிர்வெண்களை விட்டுவைக்கின்றன. 2017இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வரிசை வரிசையாகக் கருவி வைத்து அளந்து, காசும் முணுமுணுப்பும் கடைசி வரைக்கும் தெளிவாகக் கேட்பதில்லை என்று காட்டினார்கள். இரண்டு ஆய்வுக்கும் முரண்பாடு இல்லை. அந்த அரங்கு நல்ல அரங்குதான், மந்திர அரங்கு கிடையாது.

ரெட் ராக்ஸையும் இதே நிதானத்தோடு பார்க்க வேண்டும். அங்கே பாறை செய்யும் உதவிகள் மூன்று. முதலாவது சரிவு. ஒவ்வொரு வரிசையும் முன் வரிசைத் தலைகளுக்கு மேலே இருப்பதால் மேடையிலிருந்து புறப்பட்ட ஒலி தடையில்லாமல் காதுக்கு வருகிறது. சமதளத்தில் கூட்டம் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர்களின் உடலே ஒலியைத் தின்றுவிடும். இரண்டாவது பக்கச் சுவர்கள். நேராக வந்த ஒலிக்குப் பின் ஏறக்குறைய 50 மில்லி செகண்டுக்குள், அதாவது 17 மீட்டர் கூடுதல் தூரத்துக்குள், ஏதாவது ஒரு பரப்பில் பட்டுத் திரும்பி வரும் ஒலியைக் காது தனியாகப் பிரிக்காது. முதல் ஒலியோடு சேர்த்து வலுவாக உணரும். அதற்குமேல் தாமதித்தால்தான் அது எதிரொலி. பாறைக்கு அருகே உட்காருகிறவர்களுக்குப் பாறை இப்படித் துணை நிற்கும். மூன்றாவது, பாறையின் முரட்டுத்தனம். வழவழப்பான இரண்டு சுவர்கள் நேருக்கு நேர் நின்றால் ஒலி அவற்றுக்கு நடுவே படபடவென்று துள்ளும். குழியும் மேடும் கூழாங்கல்லுமாக, சாய்ந்து, இணையாக இல்லாமல் நிற்கும் பாறைகளில் பட்ட ஒலி சிதறிப் போகிறது.

மேலே கூரை இல்லை என்பதால், மூடிய மண்டபத்தில் கிடைக்கும் நீண்ட முழக்கம் இங்கே வராது. தாள வாத்தியங்களுக்கு இது நல்லது, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெரியும். சரி, இன்றைக்கு அங்கே கேட்பது பாறையின் ஒலியா என்றால், பெரும்பாலும் இல்லை. ஸ்பீக்கர் வரிசைகளின் ஒலியைத்தான் கேட்கிறோம். பாறை அதைக் கெடுக்காமல் விடுகிறது என்பதே அதன் பெரிய உபகாரம்.

ஆனால் ஸ்பீக்கர் வந்தபின் பாறைச் சுவர் ஒரு விஷயத்தில் தோற்றது. 50 ஹெர்ட்ஸ் அளவிலான பேஸ், அதாவது தாழ்ந்த அதிர்வெண் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலை தடைகளைச் சுற்றி வளைந்து போகும், காற்றிலும் அதிகம் கரையாது. தெளிந்த இரவுகளில் தரையோரக் காற்று குளிர்ந்து, மேல்காற்று வெப்பமாக இருந்தால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே இறங்கிவிடும். மின்னணு நடன இசை அதிகமானபோது மாரிசன் பக்கத்து வீடுகளிலிருந்து புகார்கள் குவிந்தன. பாட்டு கேட்கவில்லை, சுவர் மட்டும் அதிர்கிறது என்ற வகைப் புகார்கள். 2010களில் டென்வர் நிர்வாகம் ஒலி வரம்புகளைக் கொண்டுவந்தது, பேஸுக்குத் தனியாகவும் வரம்பு வைத்தது. பேஸைத் தனியாக அளந்தது மிக முக்கியம். சாதாரண டெசிபல் அளவுகோல் மனிதக் காதின் உணர்வை ஒட்டித் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்தே எண்ணும். அதை மட்டும் நம்பினால் கருவி "எல்லாம் சரி" என்று காட்டும், பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்காது.

1971: வாசல் இல்லாத மலை

1964 ஆகஸ்ட் 26 அன்று பீட்டில்ஸ் அங்கே வாசித்தார்கள். இருக்கைகள் எல்லாம் நிரம்பவில்லை. ஏழு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1971 ஜூன் 10 அன்று ஜெத்ரோ டல் குழுவின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்றுத் தீர்ந்த பிறகும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். மண்டபமாக இருந்தால் கதவைச் சாத்தலாம். இங்கே அரங்கைச் சுற்றி மலைச்சரிவு. மேலே ஏறினால் கேட்கலாம், கொஞ்சம் துணிந்தால் உள்ளேயே இறங்கலாம். காவல்துறையினருக்கும் அவர்களுக்கும் மோதல் வந்து, கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. புகை பள்ளத்துக்குள் இறங்கி, டிக்கெட் வாங்கி ஒழுங்காக உட்கார்ந்திருந்தவர்களைச் சூழ்ந்தது. குழந்தைகளோடு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். இசைக்குழு அப்படியும் வாசித்து முடித்தது.

இங்கே நிலவடிவம் செய்ததைக் கவனிக்க வேண்டும். ஒலியை மக்களிடம் சேர்க்கும் கிண்ணம், புகையையும் அப்படியே சேர்த்துவிட்டது. சரிவின் மேலே வீசப்பட்ட புகை, காற்றை விடக் கனமாகக் கீழே படரும். கீழே ஒன்பதாயிரம் பேர், மூன்று பக்கமும் பாறை. அந்த இரவில் கண்ணீர்ப் புகையைத் தேர்ந்தெடுத்தது தவறான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதைத் தொடர்ந்து டென்வர் நிர்வாகம் ரெட் ராக்ஸில் ராக் இசைக்கே தடை போட்டது. நிகழ்ச்சி அமைப்பாளர் ஒருவர் நீதிமன்றம் போய் வென்ற பிறகுதான் 1970களின் நடுவில் அது திரும்ப வந்தது. கோபத்தில் போட்ட தடை கூட்ட மேலாண்மைக்கு மாற்றாகாது. மலைச்சாலையிலேயே, அரங்குக்கு வெகு முன்னால் டிக்கெட் சோதிப்பது போன்ற வழிகள்தான் இத்தகைய சிக்கலைத் தீர்க்கும். மலைக்கு வாசல் வைக்க முடியாது, சாலைக்கு வைக்கலாம்.

வானம்

1983 ஜூன் 5 அன்று யூ2 குழு கொட்டும் மழையிலும் மூடுபனியிலும் அங்கே வாசித்தது. ஈரப் பாறைகள், தீப்பந்தங்கள், புகைபோலச் சுழலும் பனி என்று அதன் படப்பதிவு உலகம் முழுக்கப் போனது. ரெட் ராக்ஸை அமெரிக்காவுக்கு வெளியே பெயராக்கியதில் அந்த ஒரு மழை இரவுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்குப் பிறகு மோசமான வானிலை அங்கே ஒரு கவர்ச்சியாகவே பேசப்பட்டது.

2023 ஜூன் 21 இரவு பாப் பாடகர் லூயி டாம்லின்சன் நிகழ்ச்சியில் அந்தப் பேச்சுக்கு விலை கொடுக்க வேண்டிவந்தது. வானிலை காரணமாக நிகழ்ச்சி தள்ளிப்போகிறது, உங்கள் வண்டிகளில் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. ஆனாலும் ஆலங்கட்டி மழை இறங்கியபோது ஏராளமானோர் திறந்த சரிவிலேயே இருந்தார்கள். கோல்ஃப் பந்து அளவுக் கட்டிகள். 80 முதல் 90 பேர் வரை அங்கேயே சிகிச்சை பெற்றார்கள், ஏழு பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வெட்டுக் காயங்களும் எலும்பு முறிவுகளும் இருந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். கையில் கிடைத்த பையையும் அட்டையையும் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடிய காட்சிகள் அன்றிரவே கைபேசிகளில் பரவின.

கொலராடோவின் இந்த மலையோரம் அமெரிக்காவிலேயே ஆலங்கட்டி மழை அதிகம் பெய்யும் பகுதிகளில் ஒன்று. கோடைப் பிற்பகலில் சூடான ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறி இடிமேகமாகும். அந்த மேகங்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். பார்வையாளர்கள் கிழக்கு நோக்கி உட்காருகிறார்கள் என்று முன்பே சொன்னேன். புயல் வருவது அவர்கள் முதுகுப் பக்கம். அந்தப் பக்கத்து வானத்தை மலையும் பாறைகளும் மறைக்கின்றன. எதிரே டென்வர் பக்கம் வானம் தெளிவாக இருக்கும்போதே பின்னால் மேகம் வந்து நிற்கலாம். சமவெளி மைதானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அரைமணி முன்னால் கண்ணில் படுவது இங்கே படாது. எனவே பார்வையாளர்கள் தாங்களே பார்த்து முடிவெடுப்பார்கள் என்று இங்கே எதிர்பார்ப்பது நியாயமில்லை. எச்சரிக்கும் பொறுப்பு முழுவதும் அரங்கத்துடையது.

வண்டியில் ஒதுங்கச் சொல்வதிலும் ஒரு குறை இருக்கிறது. வாகன நிறுத்துமிடங்கள் மலையில் அங்கங்கே பிரிந்து கிடக்கின்றன. கீழ் வரிசையில் இருப்பவர் 30 மீட்டர் உயரம் படியேறி, பிறகு சரிவான பாதையில் நடக்க வேண்டும். 1,960 மீட்டர் உயரத்தில், இருட்டில், ஈரப் படியில், ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து. பேருந்திலோ வாடகைக் காரிலோ வந்தவருக்கு ஒதுங்க வண்டியே கிடையாது.

என்ன செய்யலாம்

இருக்கைகளுக்கு மேல் கூரை போடுவது தீர்வு என்று நான் நினைக்கவில்லை. தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி ஒருபுறம் இருக்கட்டும். கூரை வந்தால் ஒலியும் மாறும், அந்த இடத்துக்கு மக்கள் போகும் காரணமும் போய்விடும். ஆனால் 2003இல் பார்வையாளர் மையத்தைத் தரைக்குள் மறைத்தவர்களால், இரண்டு பக்கப் பாதைகளின் ஓரத்திலும் மேல் சதுக்கத்தின் அடியிலும் தாழ்வான கற்கூரை ஒதுங்கிடங்களை அமைக்க முடியும். ஒன்பதாயிரம் பேருக்கும் அது போதாது. முதியவர்கள், குழந்தைகள், வேகமாகப் படியேற முடியாதவர்கள் ஆகியோருக்குப் போதும், மற்றவர்களுக்கு வழியும் காலியாகும்.

மிச்சத்தை நேரக் கணக்குதான் பார்த்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் மேகம் 16 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால், வந்து சேர 24 நிமிடம். அரங்கம் நிரம்பிய இரவில் கடைசி ஆள் ஏதாவது ஒரு கூரைக்கடியில் போய்ச் சேர 35 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 16 கிலோமீட்டரில் எச்சரிப்பது தாமதம். 25 கிலோமீட்டரிலேயே நிகழ்ச்சியை நிறுத்தியாக வேண்டும். எச்சரிக்கைத் தூரத்தை வழக்கமான விதிப்புத்தகத்திலிருந்து எடுக்காமல், அந்த அரங்கத்தின் வெளியேறும் நேரத்தை அளந்து அதிலிருந்து கணக்கிட வேண்டும் என்பதுதான் என் வாதம். ஏப்ரலில் தொடங்கி நவம்பர் வரை ஒரு பருவத்தில் 200 நிகழ்ச்சிகளுக்குமேல் நடக்கும் இடம் அது. ஒவ்வொரு இரவும் கூட்டம் வெளியேறத்தான் போகிறது. கடைசிப் பாட்டு முடிந்ததிலிருந்து கடைசி வரிசை காலியாகும் வரை எத்தனை நிமிடம் என்று ஒரு பருவம் முழுக்கக் குறித்துவைத்தாலே, மழை நாளில் எத்தனை கிலோமீட்டரில் மணி அடிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.